கோவை மெட்ரோவா, இலகு ரயிலா, பணம் யார் போடுவது? மலையில் இருக்கிற நமக்கும் இதில் பேச்சு உண்டு

வெலிங்டன்வாசி:

கோவை மெட்ரோ அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியதில் இருந்து நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டே பேச்சுதான். ஒன்று கட்சிச் சண்டை. இன்னொன்று, "அது கோயமுத்தூர்க்காரங்க பிரச்சினை, நமக்கு எதுக்கு?" என்பது. அந்த இரண்டாவது பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

குன்னூர் வட்டாரத்தில் பெரிய வைத்தியம் என்றால் கோவை. பிள்ளைகளுக்குக் காலேஜ் கோவை. ஏர்போர்ட், பாஸ்போர்ட், கல்யாண ஜவுளி எல்லாம் அங்கேதான். மலையிலிருந்து போகிற பஸ் நம்மை மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறது. அதற்கப்புறம் காந்திபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அவிநாசி ரோட்டில் இருக்கிற பீளமேடு. அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆன பிறகு செக்கப்புக்குக் கூட்டிப்போன நாட்களில், மலை இறங்கியதை விட அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. டவுன் பஸ்ஸின் முதல் படி அவர் முழங்கால் உயரம். ஒரு கையில் எக்ஸ்ரே கவர், மறு கையில் கம்பி. பின்னால் நிற்பவர்கள் நெருக்குகிறார்கள், அவர் இரண்டாவது காலைத் தூக்கி வைப்பதற்குள் வண்டி நகர்கிறது. நடைமேடையும் வண்டித் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கிற ஒரு ரயில் அந்த ரோட்டில் ஓடினால், அதில் ஏறப்போகிறவர்களில் நாமும்தான் இருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். அவிநாசி ரோடு, சத்தி ரோடு என்று இரண்டு வழித்தடம், செலவு 10,740 கோடி ரூபாய் என்பது மாநில அரசு அனுப்பிய அறிக்கை. 2017 மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை அளவாக வைத்திருக்கிறது, கோவையின் 2011 கணக்கு 15.84 லட்சம்தான் என்பது மத்திய அரசின் பதில். ஆக்ராவுக்கும் போபாலுக்கும் 20 லட்சம் இல்லாமலே கொடுத்தீர்களே என்பது மாநிலத்தின் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். 2021ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை எடுக்காமல் விட்டுவிட்டு, 2011 கணக்கை வைத்து ஒரு ஊரை அளப்பது சரியாகப் படவில்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு. கட்டுவதற்குக் கடன் கிடைக்கும். கட்டி முடித்த பிறகு வருஷா வருஷம் ஓட்டுவதற்கு யாரும் கடன் தரமாட்டார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று முதலில் முடிவு பண்ணிவிட்டு, அப்புறம் மெட்ரோவா, மெட்ரோலைட் என்கிறார்களே, பெரும்பாலும் ரோட்டு மட்டத்திலேயே ஓடுகிற அந்த இலகு ரயிலா என்று பேசினால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சி வேண்டாம்.


கோத்தகிரி பச்சைத்தழை:

வணக்கம். நான் இதற்கு நேர் எதிர்.

எங்கள் ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) இருந்து கோத்தகிரிக்கு வருகிற பஸ் மழைக்காலத்தில் பாதி நாள் வருவதில்லை. வந்தால் ஜன்னல் ஷட்டர் இறங்காது. பச்சைத் தேயிலைத் தழைக்கு விலை கேட்டு நாங்கள் போராடாத வருஷம் இல்லை. ஒரே ஊரில் இரண்டு ரோட்டுக்குப் பத்தாயிரம் கோடி என்றால் கோபம் வருமா வராதா? அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கு நீலகிரி டெப்போக்களுக்குப் புது வண்டியாக வந்திருந்தால் அப்பாவைக் கூட்டிப்போகிற உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. 2024ல் மலைப்பகுதிக்கும் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. நல்ல விஷயம், என் வீட்டம்மா பயன்படுத்துகிறார். வண்டி வந்தால்தானே ஏற முடியும்.

வளர்கிற ஊருக்கே எல்லாப் பணமும் போவதால்தான் மலையில் பிள்ளைகள் தங்கமாட்டேன் என்கிறார்கள். இதையும் கணக்கில் எடுங்கள்.


குன்னூர் ஆடிட்டர்:

பச்சைத்தழை அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தப் பத்தாயிரம் கோடி ஒரு பெட்டியில் ரொக்கமாக இருக்கிறது, அதை எடுத்து பஸ்ஸுக்குக் கொடுக்கலாம் என்பது போல் பேச முடியாது. அது எப்படித் திரட்டப்படுகிறது என்று பார்த்தால்தான் விவாதம் நகரும்.

2017 கொள்கைப்படி மத்திய உதவிக்கு மூன்று வழி. தனியார் கூட்டில் கட்டி, பற்றாக்குறைக்கு மட்டும் உதவி கேட்பது. திட்டச் செலவில் 10 சதவீதம் மானியமாக வாங்கிக்கொள்வது. மூன்றாவது, மத்தியமும் மாநிலமும் சரிபாதிப் பங்குதாரர்களாக ஒரு கம்பெனி வைப்பது. பெரும்பாலும் நடப்பது மூன்றாவதுதான். அதில் தோராயமாக மத்தியம் 20, மாநிலம் 20, மீதி 60 சதவீதம் ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற இடங்களில் நீண்டகாலக் கடன். 10,740 கோடிக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளுக்கு 2,150 கோடி அளவில், கடன் 6,400 கோடிக்கு மேல். நிலம் எடுக்கிற செலவு மாநிலத்தின் தலையில்.

இப்போது வெலிங்டன்வாசி கேட்டதற்கு வருகிறேன். அதே கொள்கை தெளிவாகச் சொல்கிறது: ஓட்டுவதில் நஷ்டம் வந்தால் அது மாநிலத்தின் பொறுப்பு. அதாவது டிக்கெட் வசூல் கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்கும் போதவில்லை என்றால், அந்தத் துண்டு விழுவது அதே மாநில பட்ஜெட்டில். அரசு பஸ்ஸுக்கு மானியம் வருகிற அதே இடம். அண்ணா பயப்படுவதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. கட்டும்போது பஸ்ஸின் பணத்தை ரயில் எடுக்காது. ஓட்டும்போது எடுக்கும்.

சென்னை இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொள்ளும் வரை அது மாநிலத் திட்டமாகவே நடந்தது, சுமையும் மாநிலத்தின் மேல். சென்னையே அப்படி மூச்சு வாங்கியது என்றால் கோவைக்கு முன்கூட்டியே வழி பண்ணி வைத்தாக வேண்டும்.

இன்னொன்று. 2017க்கு முன்னால் 8 சதவீதம் நிதி வருமானம் காட்டினால் போதும் என்று இருந்தது. இப்போது 14 சதவீதம் பொருளாதாரப் பலன் காட்ட வேண்டும். மிச்சமாகிற நேரம், பெட்ரோல், குறைகிற விபத்து எல்லாவற்றையும் ரூபாயாக்கிக் கூட்டுவது. காகிதத்தில் 14 வரவைப்பது கஷ்டமில்லை. அந்தப் பலன் மக்களுடையது, கம்பெனியின் கல்லாவுக்கு அது வராது. இங்கேதான் பல ஊர்கள் தடுக்கி விழுகின்றன.


ஹோப்காலேஜ் ஹாஸ்டல்:

நான் கூடலூர். இப்போது கோவையில் படிக்கிறேன். தினமும் பார்க்கிறதை எழுதுகிறேன்.

உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். 1,791 கோடி. அதைப் பற்றி யாரும் "மக்கள்தொகை 20 லட்சம் இருக்கா" என்று கேட்கவில்லை. "வருஷா வருஷம் லாபம் வருமா" என்றும் கேட்கவில்லை. கார் வைத்திருப்பவர்கள் ஏர்போர்ட்டுக்குச் சீக்கிரம் போகிறார்கள், சந்தோஷம். கீழே பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எங்களுக்கு என்ன மாறியது? ரோட்டுக்குப் பணம் போட்டால் முதலீடு, ரயிலுக்குப் போட்டால் நஷ்டக் கணக்கா?

ஆடிட்டர் சார், இதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.


குன்னூர் ஆடிட்டர்:

தம்பி, சரியான கேள்வி. பாலத்துக்கு டிக்கெட் இல்லை, அதனால் நஷ்டம் என்கிற வரியே அதன் கணக்கில் கிடையாது. அதில் போகிற ஒவ்வொரு காரையும் வாங்குவது, பெட்ரோல் போடுவது, நிறுத்த இடம் தேடுவது எல்லாம் தனித்தனி வீட்டுச் செலவாகப் போய்விடுகிறது. ரயிலில் அத்தனையும் ஒரே இடத்தில் கூடித் தெரிகிறது. அதனால் ரயில்தான் அதிகச் செலவு மாதிரித் தோன்றும். பாலத்துக்கும் ரயிலுக்கும் ஒரே தராசு வைக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்.

ஆனாலும் பாலம் வந்துவிட்டது. அதே அவிநாசி ரோட்டில் இனி ரயிலுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். முதலிலேயே சேர்த்து யோசித்திருந்தால் தூண் ஒன்றாகப் போயிருக்கும். இப்போது அந்தக் கூடுதல் செலவு யாருடைய கணக்கிலும் வராமல் திட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.


லோகோ ஷெட் பெரியவர்:

தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் என்கிற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் புதிதாக என்ன கட்டலாம் என்று பேசுகிறீர்கள். இருக்கிற பாதையை யாரும் பேசவில்லை. கோவையில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873ல் இருந்து ரயில் இருக்கிறது. சுமார் 36 கிலோமீட்டர், அகலப்பாதை, மின்மயம் ஆனது. வடகோவை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று வழியில் இன்றைக்கு வளர்ந்து கொண்டே இருக்கிற ஊர்கள். மெமு என்கிற குறுந்தூர மின்சார ரயில் ஓடுகிறது, பத்து ரூபாய் டிக்கெட். ஜங்ஷனில் இறங்கினால் கோவை அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டும் ஸ்டேஷனும் நடந்து போகிற தூரம். வெலிங்டன்வாசி சொல்கிற வேலையில் பாதியை இந்தப் பாதையே செய்யும். செய்யாமல் இருப்பதற்குக் காரணம் வண்டிகள் குறைவு. வண்டிகள் குறைவாக இருப்பதற்குக் காரணம் அது ஒற்றை வழி. எதிர் வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

கிலோமீட்டருக்கு 300 கோடியை ஒட்டிச் செலவழித்துப் புதுப் பாதை போடுவதற்கு முன்னால், இருக்கிற நிலத்தில் இரண்டாவது வழி போடுங்கள். அரை மணிக்கு ஒரு மெமு விடுங்கள். நகருக்குள் இலகு ரயில் வந்தால் அது வடகோவையிலோ ஜங்ஷனிலோ இதோடு வந்து சேரட்டும். இதற்கு 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்று எந்தக் கொள்கையும் சொல்லவில்லை. ரயில்வே பட்ஜெட்டில் வாங்க வேண்டிய வேலை.


சேரிங்கிராஸ் கடைக்காரர்:

ஐயா, அப்படியே மலை ரயிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். குன்னூர் ஊட்டி பாதை சும்மாதானே கிடக்கிறது. அதில் சின்ன ரயில் பஸ் மாதிரி ஒன்றை மணிக்கு ஒரு தடவை விட்டால் அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஜனம் முழுக்க ஏறுமே? ஊட்டிக்குள்ளேயும் பொட்டானிக்கல் கார்டன் வரை டிராம் மாதிரி ஒன்று போடலாம். சீசனில் சேரிங்கிராஸில் கடை வாசலைத் தாண்டி ரோட்டின் அந்தப்பக்கம் போவதற்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும்.


லோகோ ஷெட் பெரியவர்:

கடைக்காரரே, இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

கல்லாறில் இருந்து குன்னூர் வரை பல் தண்டவாளம், இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துத்தான் ஏறும். 12 அடி போனால் ஒரு அடி ஏற்றம். அந்த ஏற்றத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும், அதனால் டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு வருவார். முதல் பெட்டியில் நிற்கிறவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், அந்தக் கொடி பெட்டி பெட்டியாகப் பின்னால் இன்ஜினுக்குப் போகும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 16 குகை, 208 வளைவு, ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். நவம்பர் மழையில் ஹில்குரோவ், அடர்லி பக்கம் மண் சரியாத வருஷம் அபூர்வம். 2009 நவம்பர் மண்சரிவில் என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் தினசரிப் போக்குவரத்து என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் நம்பாதீர்கள்.

குன்னூருக்கு மேலே கதை வேறு. அங்கே பல் கிடையாது, டீசல் இன்ஜினே இழுக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர். பதினெட்டு, பத்தொன்பது கிலோமீட்டர்தான். ஆபீஸ் நேரம், பள்ளிக்கூட நேரத்துக்கு வண்டி விட்டால் ஜனம் ஏறும். முன்பு ஏறிக்கொண்டுதான் இருந்தது. இப்போது சீட்டு முழுவதும் ஆன்லைனில் வெளியூர்க்காரர்கள் எடுத்துவிடுகிறார்கள். யுனெஸ்கோ 2005ல் பட்டியலில் சேர்த்த பாதை. அதன் உருவத்தைக் கெடுக்காமல் செய்ய வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டு பெட்டி, சீசன் டிக்கெட், காலையிலும் மாலையிலும் நேரத்துக்கு வண்டி. இதற்குக் கோடிக்கணக்கில் கட்டுமானம் வேண்டாம்.


குன்னூர் ஆடிட்டர்:

ஊட்டிக்குள் டிராம் பற்றி நான் சொல்கிறேன். மத்திய அரசு 2019ல் வெளியிட்ட மெட்ரோலைட் வரையறை, ஒரு திசையில் மணிக்கு 2,000 பேரில் இருந்து 15,000 பேர் வரை போகிற தடத்துக்கானது. ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகை 2011ல் 88,430. நீலகிரி மாவட்டம் முழுக்கவே 7.35 லட்சம். மே மாதத்தில் அந்தக் கூட்டம் வரும். ஜூலை மழையில் யார் ஏறுவார்கள்? பன்னிரண்டு மாதச் சம்பளமும் பராமரிப்பும் இரண்டு மாத வசூலில் நிற்காது.

மெட்ராஸில் டிராம் 1895ல் ஓட ஆரம்பித்தது, 1953ல் நின்றது. தண்டவாளம் தேய்ந்ததால் நிற்கவில்லை. கம்பெனியால் செலவைத் தாங்க முடியவில்லை, துண்டை ஏற்க யாரும் முன்வரவில்லை. நான் திரும்பத் திரும்ப ஓட்டுகிற செலவையே பேசுவதற்கு இதுதான் காரணம்.


மூஞ்சிக்கல் கொடைக்கானல்:

பழனி மலைப் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. உங்களுக்காவது மலையில் ரயில் இருக்கிறது. எங்களுக்கு "கொடைக்கானல் ரோடு" என்று பெயர் மட்டும் ஸ்டேஷனில் இருக்கிறது, அது மலைக்குக் கீழே வெகுதூரம். பழனியில் முருகன் கோவிலுக்கு ஏறுகிற வின்ச்தான் எங்கள் பக்கத்தில் மலையேறுகிற ரயில்.

ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: உங்களுக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, எங்களுக்கு 4,000, 6,000. வண்டியைத் தடுக்கிறோம் சரி, தடுக்கப்பட்ட ஜனம் எதில் வரும்? அதற்குப் பதில் இல்லாததால் சிலர் ரோப் கார் என்கிறார்கள், சிலர் ரயில் என்கிறார்கள். எது வந்தாலும் டூரிஸ்ட்டுக்கு என்று போட்டால் டிக்கெட் விலை டூரிஸ்ட்டுக்கு ஏற்ற மாதிரிதான் இருக்கும். காய்கறி மூட்டையோடு பட்டிவீரன்பட்டிக்கோ வத்தலக்குண்டுக்கோ போகிறவர் அதில் ஏற முடியாது. இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.


லவ்டேல் டீச்சர்:

இதுவரை எழுதிய யாரும் ரயிலில் பெண்களின் டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை.

இன்றைக்குக் கோவையில் வீட்டு வேலைக்கும் ஜவுளிக்கடை வேலைக்கும் போகிற பெண்கள் சாதாரண டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகிறார்கள். சென்னை மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10, அதிகம் 50. தினம் போக வர அறுபது, எழுபது ரூபாய் கொடுத்து அந்தப் பெண்கள் ரயில் ஏறமாட்டார்கள். அப்போது ரயில் காலியாக ஓடும். "பார்த்தாயா, கூட்டமே இல்லை" என்று அதையே காரணம் காட்டுவார்கள். அல்லது ரயிலில் கூட்டம் சேர்க்க அதே ரோட்டில் பஸ்ஸைக் குறைப்பார்கள். இரண்டாவது நடந்தால் இலவசப் பயணம் சத்தமில்லாமல் போய்விடும். அதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை டிக்கெட் விலையில்தான் பார்க்க முடியும். அறிக்கையில் எழுதுகிற முன்னுரையில் பார்க்க முடியாது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே பாஸ், பெண்களுக்கு இருக்கிற சலுகை ரயிலிலும் செல்லும் என்று முதல் நாளே எழுத்தில் வர வேண்டும். சென்னையில் 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் சேர்த்து சென்னை ஒன் என்று ஒரு ஆப் வந்திருக்கிறது. கோவைக்கு அதை ரயில் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே டவுன் பஸ்ஸுக்கும் மெமுவுக்கும் செய்யலாம்.


கோத்தகிரி பச்சைத்தழை:

டீச்சரம்மா சொன்னது எனக்கு உறைத்தது. பெரியவர் சொன்ன மெமு விஷயமும் சரி. கோத்தகிரியில் இருந்து இறங்குகிறவர்களும் மேட்டுப்பாளையத்துக்குத்தான் வருகிறோம்.

ஆனால் ஆடிட்டர் தம்பி, ஓட்டுகிற செலவுக்கு எங்கிருந்து பணம் என்று கேட்டீர்கள், நீங்களே பதில் சொல்லவில்லை. புது வரி என்றால் அது கடைசியில் எங்கள் தலையில்தான் விழும் என்று எங்களுக்குப் பழக்கம்.


குன்னூர் ஆடிட்டர்:

சொல்கிறேன் அண்ணா. ரயில் வருகிறது என்று அறிவித்த நாளே அந்த ரோட்டில் இடத்தின் விலை ஏறிவிடும். ஏறிய விலையில் பெரும்பகுதி இன்றைக்குப் பொதுப்பணத்துக்குத் திரும்புவதில்லை. முன்கூட்டியே வாங்கிப் போட்டவர் பைக்குள் போகிறது. 2017 கொள்கையே அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை எடுக்கச் சொல்கிறது. மகாராஷ்டிராவில் மும்பை, புனே, நாக்பூர் போன்ற ஊர்களில் பத்திரப் பதிவில் கூடுதலாக 1 சதவீதம் மெட்ரோவுக்கு என்று 2022ல் இருந்து வாங்குகிறார்கள். கோவையில் இரண்டு வழித்தடத்துக்கு இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் நடக்கிற பதிவுக்கு மட்டும் அப்படி வைத்து, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, ஓட்டுகிற செலவுக்கு மட்டும் என்று சட்டத்தில் கட்டிப்போட வேண்டும். கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவரை இது தொடாது. ரயிலால் லாபம் அடைகிறவர் ரயிலை ஓட்டட்டும்.

இது போதுமா என்றால் போதாது. மீதிக்குக் கார் நிறுத்தக் கட்டணம் இருக்கிறது. நகர மத்தியில் ரோட்டோரத்தில் இலவசமாக நிறுத்துகிற காருக்கு நாம் எல்லோரும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.


ஹோப்காலேஜ் ஹாஸ்டல்:

ஒரு சதவீதம் வைத்தால் வாடகையில் ஏற்றிவிடுவார்கள் சார். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ரூம் எடுக்கலாம் என்று பார்க்கிற ஏரியாவே அதுதான். ரயில் வந்ததும் அங்கே இருக்க முடியாமல் தூரமாகப் போனால் ரயிலால் எங்களுக்கு என்ன லாபம்?


குன்னூர் ஆடிட்டர்:

வரி வைத்தாலும் வைக்காவிட்டாலும் வாடகை ஏறும் தம்பி, ரயில் வந்தாலே ஏறும். ஸ்டேஷன் பக்கத்தில் அரசு நிலம் இருந்தால் அதை ஷாப்பிங் மால்காரருக்குக் கொடுக்காமல், வேலைக்குப் போகிற பெண்கள் விடுதி, மாணவர் விடுதி, குறைந்த வாடகை வீடு என்று கட்டச் சொல்லிக் கேட்கலாம். இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில் என் பதில் பலவீனமானதுதான்.


வெலிங்டன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நான் இழையைத் தொடங்கியபோது மெட்ரோவா இலகு ரயிலா என்றுதான் பேச்சு போகும் என்று நினைத்தேன். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இலகு ரயில் போதும். முழு மெட்ரோவில் பாதிக்கும் குறைவான செலவில் போட முடியும் என்பதுதான் அரசே சொல்லும் கணக்கு. செலவு குறைந்தால் கடன் குறையும், கடன் குறைந்தால் டிக்கெட்டைக் குறைவாக வைக்க இடம் கிடைக்கும். டீச்சர் கேட்டதற்கு அதில்தான் வழி இருக்கிறது. தரை மட்டத்தில் ஓடினால் அப்பா மாதிரி ஆட்கள் எஸ்கலேட்டரும் லிப்ட்டும் தேடாமல் நேராக ஏறலாம். ரோட்டில் கார்களுக்கு ஒரு வரிசை குறையும். குறையட்டும். மேலே அவர்களுக்கு என்று பத்து கிலோமீட்டர் பாலம் இருக்கிறது.

மாவட்டத்தில் இருந்து ஒரு மனு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். மெமு இரட்டை வழி, அதற்கு ஏற்ற மலைப் பஸ் இணைப்பு, ஒரே பாஸ், ஓட்டுகிற செலவுக்குத் தனிக் கணக்கு. இந்த நான்கும். டிராம், ரோப் கார் எதுவும் இதில் வேண்டாம்.


சேரிங்கிராஸ் கடைக்காரர்:

குன்னூர் ஊட்டி உள்ளூர்ப் பெட்டியையும் சேருங்கள். அதை விட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். டிராம் வேண்டாம் என்றதை ஏற்றுக்கொண்டேன், இதையாவது நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.


வெலிங்டன்வாசி:

சேர்த்தாயிற்று அண்ணா.


கோத்தகிரி பச்சைத்தழை:

நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதல் கோரிக்கையாக மலைப் பஸ்ஸை வையுங்கள், ரயிலை இரண்டாவதாக. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அப்புறம் பெரியவரிடம் ஒரு கேள்வி. இரட்டை வழி வருவதற்குள் என் பேரனுக்குக் கல்யாணம் ஆகிவிடும். அதுவரை இருக்கிற வண்டியையாவது பஸ் நேரத்தோடு சேர்க்க முடியாதா? சாயங்காலம் மெமுவில் வந்து இறங்கினால் கோத்தகிரி பஸ் கிளம்பிப் போயிருக்கிறது.


லோகோ ஷெட் பெரியவர்:

முடியும். இதற்கு டெல்லி போக வேண்டியதில்லை. ஒற்றை வழியில் ரயில் நேரத்தைப் பத்து நிமிஷம் தள்ளினாலும் எதிர் வண்டி, அதற்கு எதிர் வண்டி என்று சேலம் டிவிஷன் முழுக்க இழுக்கும். பஸ்ஸைத் தள்ளுவது சுலபம். ரயில் கால அட்டவணை மாறுகிறபோதெல்லாம் மேட்டுப்பாளையம் டெப்போ தன் அட்டவணையையும் மாற்ற வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டால் போதும். ரயில் தாமதமானால் கடைசி பஸ் இத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே வீணாகிவிடும்.


லவ்டேல் டீச்சர்:

அப்படியானால் எந்த வண்டிக்கு எந்த பஸ் தவறுகிறது என்று நம்மிடமே பட்டியல் இருக்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் என்று தடவாரியாக நேரத்தை இங்கே எழுதுங்கள். காலையில் இறங்குவதையும் சாயங்காலம் ஏறுவதையும் தனித்தனியாக. நான் தொகுத்துத் தருகிறேன்.


கோத்தகிரி பச்சைத்தழை:

கோத்தகிரி தடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் டீச்சரம்மா. டெப்போவில் என் மச்சான் இருக்கிறார், நாளைக்கே கேட்டு எழுதுகிறேன்.